கல்லறைத் தோட்டத்தில் வேலை

இலுப்பூர்
18.8.2024

அன்புள்ள மச்சானுக்கு,

பிரகதி எழுதுகிறேன். நானும் ரஞ்சனியும் சுகமாக இருக்கிறோம். மஸ்கட்டில் வெயில் ஐம்பதைத் தொடுவதாகச் சொல்கிறார்கள். அந்த வெயிலில் மொட்டைமாடியில் நின்று ஏசி மாட்டுகிறீர்களே என்ற நினைப்பு சோற்றில் கை வைக்கும்போதெல்லாம் வருகிறது.

போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று கேட்பீர்கள். ஆறு பேர் இருக்கும் அறையில் உட்கார்ந்துகொண்டு நீங்கள் பேசுகிறீர்கள். நான் வாயைத் திறந்தால் அழுகிறேன். நான் அழுதால் உங்களுக்குக் கோபம் வருகிறது. 'சரி, வையி' என்று முடிந்துவிடுகிறது. இதில் எழுதினால் நடுவில் யாரும் வைக்க முடியாது.

உங்கள் அண்ணன் சொல்லிக் கேள்விப்படுவதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன். இந்த மாதம் முதல் தேதியிலிருந்து வேலைக்குப் போகிறேன். வேதக்கோவிலுக்குப் பின்னால் கல்லறைத் தோட்டம் இருக்கிறதே, அங்கேதான். பத்து வருடமாகச் சீமைக்கருவேல் மண்டி, கல்லறைகளே வெளியில் தெரியாமல் கிடந்தது. அதை வெட்டித் துப்புரவாக்கிச் செடி வைத்துப் பராமரிக்க ஆள் தேடினார்கள். ஃபாதருக்குச் சோறு ஆக்குகிற அடைக்கலமேரி ரேஷன் கடை வரிசையில் இதைச் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். ஏன் சொன்னேன் என்று கேட்டால் எனக்கே தெரியவில்லை. வீட்டுக்குள் இருக்க முடியவில்லை மச்சான். தையல் மிஷினில் உட்கார்ந்தால் கை நிற்கிறது, மனசு நிற்க மாட்டேன் என்கிறது. மூன்று வருடமாக இப்படித்தான். உங்களுக்குத் தெரியும்.

மண் முழுக்கச் சரளை. கடப்பாரை போட்டால் தீப்பொறி பறக்கிறது. முதல் வாரம் உள்ளங்கை இரண்டிலும் கொப்புளம். ஆனால் மதியம் நன்றாகப் பசிக்கிறது, படுத்தால் தூங்குகிறேன். இது இரண்டும் நின்றுபோய் எத்தனை நாளாயிற்று.

உங்கள் அண்ணன் வாசலில் நின்று சத்தம் போட்டுவிட்டுப் போனார். "நம்ம வீட்டுப் பொம்பள பொணக்காட்டுல போயி மம்பட்டி புடிக்கிறதா? ஊருல எவன் கேட்டாலும் எங்கிட்டத்தான கேப்பான்?" மறுநாள் காலையில் வழக்கம்போல் வேலைக்குப் போய்விட்டேன்.

வேளாவேளைக்குச் சாப்பிடுங்கள். தலையில் ஈரத்துண்டு இல்லாமல் மாடி ஏறாதீர்கள்.

உங்கள்,
பிரகதீஸ்வரி


மஸ்கட்
9.9.2024

அன்புள்ள பிரகதிக்கு,

உன் கடிதம் வந்தது. பதினைந்து வருடத்தில் நீ எனக்கு எழுதிய முதல் கடிதம் இதுதான். அறையில் எல்லோரும் கேலி செய்தார்கள். எனக்குச் சந்தோஷம்தான்.

ஆனால் நீ என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அண்ணன் போனில் சொன்னபோது நான் தெரிந்த மாதிரி 'ஆமாம்' போட வேண்டியதாயிற்று. வேலைக்குப் போவதை நான் தப்பென்று சொல்லவில்லை. கல்லறையில்தானா கிடைத்தது? ஏற்கெனவே மனசு சரியில்லாத ஆள், பொழுதெல்லாம் செத்தவர்கள் நடுவில் இருந்தால் என்ன ஆகும்?

இங்கே ஒரு நாளைக்கு ஏழு எட்டு மிஷின் பார்க்கிறேன். எல்லோர் வீட்டையும் குளிர வைத்துவிட்டு நாங்கள் வெந்து போகிறோம். இது வழக்கமான பாட்டுதான், விடு.

தீபாவளியோடு அந்த வேலையை நிறுத்திவிடு. நடந்ததையே நினைத்துக்கொண்டிருக்காதே. ரஞ்சனி படிப்பைப் பார். நமக்கு இருப்பது அவள்.

அன்புடன்,
வசந்த்


இலுப்பூர்
10.11.2024

அன்புள்ள மச்சானுக்கு,

தீபாவளி போய்விட்டது. நான் வேலையை நிறுத்தவில்லை. உங்களுக்கு வருத்தமாக இருக்கும். ஆனால் முழுக்கக் கேளுங்கள்.

இரண்டாம் தேதி அவர்களுக்குக் கல்லறைத் திருநாள். அதற்குப் பூக்க வேண்டும் என்று ஆவணியில் கேந்திப்பூ விதை போட்டேன். சரளையைச் சலித்து, குளத்து வண்டல் கொண்டுவந்து கொட்டி, தினம் முப்பது குடம் தண்ணீர் சுமந்தேன். ஒரு வாரத்துக்கு முன்புவரை மொட்டாகவே இருந்தது. முப்பதாம் தேதி காலையில் போய்ப் பார்த்தால் தோட்டம் முழுவதும் மஞ்சள். திருச்சியிலிருந்து வந்த ஒருவர் தன் அப்பா கல்லறையை அடையாளம் தெரியாமல் இரண்டு தடவை தாண்டிப் போனார். பத்து வருடமாக முள்ளைத்தானே பார்த்திருக்கிறார்.

வடமேற்கு மூலையில் சின்னக் கல்லறைகள் பதினொன்று இருக்கின்றன. எல்லாம் குழந்தைகள். பத்தில் பெயர் இருக்கிறது. ஒன்றில் பெயர் இல்லை, ஒரு கல்லும் அதில் கீறிய சிலுவையும்தான். முதலில் அந்தப் பக்கம் போகவே இல்லை. பிறகு வேறு இடத்தில் களை இல்லாமல் போனதால் போனேன். பெயர் இல்லாத கல்லைச் சுற்றிக் கோரை எடுக்க ஒரு காலை முழுவதும் ஆனது. எடுத்து முடித்தபோதுதான் கவனித்தேன், அவ்வளவு நேரமும் நான் பேசிக்கொண்டே இருந்திருக்கிறேன். செடியோடு இல்லை, அந்தப் பிள்ளையோடும் இல்லை. 'இதுக்கும் ஒரு பேரு இருந்திருக்குமே, ஒனக்கு அது தெரியுமா' என்று யாரிடமோ கேட்டுக்கொண்டிருக்கிறேன். கேட்கிற ஆள் பக்கத்தில் இருப்பது போல இருந்தது. பயமாக இல்லை.

அடைக்கலமேரியிடம், "எனக்குக் கிறுக்குப் புடிக்குதா?" என்று கேட்டேன். அவள் சிரித்தாள். "எனக்கென்னடி தெரியும், நான் சோறாக்குறவ. நானும் அடுப்புகிட்ட நின்னு பேசிக்கிட்டுத்தான் இருக்கேன். செபமின்னு சொல்லுறாக. ஒனக்கு வந்தாப் பேசு, வராட்டி வேலையப் பாரு" என்றாள்.

எனக்கு வருகிறது மச்சான். தினம் வருகிறது.

இப்போது ஒன்று கேட்கிறேன். நம் பிள்ளையை எங்கே புதைத்தார்கள்? ஆபரேஷன் முடிந்து எனக்கு நினைவு திரும்புவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. பையன் என்று சொன்னார்கள், வயிற்றிலேயே போய்விட்டது என்று சொன்னார்கள். அவ்வளவுதான் எனக்குத் தெரியும். கொரோனா நேரம், உங்களால் வர முடியவில்லை. உங்கள் அண்ணன்தான் தூக்கிப் போனார். நான் யாரிடமும் கேட்கவில்லை. இப்போது கேட்கிறேன்.

உங்கள்,
பிரகதீஸ்வரி


மஸ்கட்
6.12.2024

பிரகதிக்கு,

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன்.

நம் வழக்கத்தில் பிறக்காத பிள்ளைக்கு அடையாளம் வைப்பதில்லை. உனக்கும் தெரியும். அண்ணன் செய்ய வேண்டியதைச் செய்தார். இடம் எனக்குத் தெரியாது. அண்ணனிடமும் நீ கேட்காதே, அவரும் பாவம். அதை இனிமேல் தோண்டாதே.

இன்னொன்று. நீ ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போய் முழங்காலில் நிற்பதாக மதினி பார்த்திருக்கிறது. உண்மையா? கோகர்ணத்து அம்பாளை வேண்டிப் பிறந்த பிள்ளை என்றுதானே உன் அப்பா உனக்குப் பிரகதீஸ்வரி என்று பெயர் வைத்தார்? நான் பெரிய பக்திமான் இல்லை. ஊருக்கு வரும்போது ஒரு தடவை குலசாமிக்குப் பொங்கல் வைப்பேன், அவ்வளவுதான். ஆனால் அந்த ஒரு நாளில் என் வீடு முழுவதும் என்னோடு நிற்க வேண்டும் என்று நினைப்பவன். நாலு வருடத்தில் ஒரு முறை ஊருக்கு வருகிறவனுக்கு வேறு என்ன இருக்கிறது?

பூசைக்குப் போகாதே.

வசந்த்


இலுப்பூர்
27.4.2025

அன்புள்ள மச்சானுக்கு,

நான்கு மாதமாக நான் எழுதவில்லை. போனில் ரஞ்சனி மார்க்கும் கேஸ் சிலிண்டரும் பேசினோம். எழுத வேண்டியது ஊறட்டும் என்று இருந்தேன்.

மாசி மாதம் யாரோ கேட்டைத் திறந்து போட்டுவிட்டார்கள். ஆடு முப்பது உருப்படி உள்ளே போய்விட்டது. மறுநாள் போய்ப் பார்த்தால் குச்சிதான் நிற்கிறது. நந்தியாவட்டை, இட்லிப்பூ, ஆறு மாதம் நான் வளர்த்தது எதுவும் இல்லை. பெயர் இல்லாத கல்லுக்குப் பக்கத்தில் வைத்த மல்லிகையை வேரோடு இழுத்துப் போட்டிருந்தது. அங்கேயே உட்கார்ந்து சாமியை ஏசினேன். சின்ன ஏச்சு இல்லை. 'ஒனக்கு ஒரு கேட்டைச் சாத்தி வைக்கத் துப்பில்லையா? எம்புள்ளையவும் இப்புடித்தான பாத்துக்கிட்டு இருந்த' என்று கத்தினேன். மூன்று வருடமாக யாரிடமும் சொல்லாதது எல்லாம் வாயில் வந்தது. தொண்டை கட்டும் வரை கத்திவிட்டு, மம்பட்டியை எடுத்துக் கொத்த ஆரம்பித்தேன். எனக்கே ஆச்சரியம். கோபம் போகவில்லை, ஆனால் எழுந்து வீட்டுக்குப் போகவும் தோன்றவில்லை. யாரைத் திட்டினேனோ அவர் பக்கத்தில்தான் கொத்திக்கொண்டிருந்தேன்.

ஃபாதர் சந்தோஷிடம் போய், இப்படி ஏசிவிட்டேன், பாவமா என்று கேட்டேன். அவருக்கு என் வயதுதான் இருக்கும். "போன வாரம் நான் ஏசுனதுக்கு இது தேவலம்மா" என்றார்.

போன ஞாயிற்றுக்கிழமை ஈஸ்டர். கோவிலில் கடைசி வரிசையில் இருந்தேன். பைபிளிலிருந்து ஒரு கதை வாசித்தார்கள். இயேசுவைப் புதைத்த தோட்டத்துக்கு ஒரு பெண் விடியற்காலையில் போகிறாள். உடம்பைக் காணவில்லை. எங்கே வைத்தார்கள் என்று தெரியாமல் அழுகிறாள். பக்கத்தில் ஒருவர் நிற்கிறார். அவரைத் தோட்டக்காரர் என்று நினைத்துக்கொண்டு, நீர் எடுத்துப் போயிருந்தால் எங்கே வைத்தீர் என்று சொல்லும், நான் போய் எடுத்துக்கொள்கிறேன் என்கிறாளாம். அவர் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார். அப்போதுதான் அவர் யாரென்று அவளுக்குத் தெரிகிறது.

மச்சான், அந்தப் பெண் கேட்டதைத்தான் நான் உங்களிடம் கேட்டேன். எங்கே வைத்தீர்கள் என்று. அதற்கு மேல் எனக்குப் பிரசங்கம் காதில் விழவில்லை. எட்டு மாதமாக யாரோடு பேசிக்கொண்டு மண் கொத்தினேன் என்று அன்றைக்கு எனக்குத் தெரிந்துவிட்டது. எல்லோரும் எழுந்து வெளியே போன பிறகும் உட்கார்ந்திருந்தேன்.

ஞானஸ்நானம் வாங்கப் போகிறேன். என்னை யாரும் கூப்பிடவில்லை, நானாகப் போய்க் கேட்டேன். ஃபாதர் உடனே சரி என்று சொல்லவில்லை. "படிங்க, கொஞ்ச நாள் போகட்டும். மொதல்ல வீட்டுக்காரர்ட்ட சொல்லுங்க. ஒளிச்சுச் செய்யிற காரியம் இல்ல இது" என்றார். அதனால் எழுதுகிறேன். அனுமதி கேட்கிறேன் என்று பொய் சொல்ல மாட்டேன். உங்களிடம் மறைக்கக் கூடாது என்று எழுதுகிறேன்.

அம்பாள் மேல் எனக்குக் கோபம் இல்லை. என் அப்பா வேண்டிக்கொண்டதைக் குறைவாகப் பேசமாட்டேன். ரஞ்சனியை இதில் இழுக்க மாட்டேன். குலசாமிக்குப் பொங்கல் வைக்கும் நாளில் விறகு சுமப்பேன், தண்ணீர் சுமப்பேன், உங்கள் பக்கத்தில் நிற்பேன். கும்பிடுவது மட்டும் என்னால் முடியாது. அதையும் முன்னாலேயே சொல்லிவிடுகிறேன்.

உங்கள்,
பிரகதீஸ்வரி


மஸ்கட்
15.5.2025

பிரகதீஸ்வரிக்கு,

நீ முடிவு செய்துவிட்டு எழுதியிருக்கிறாய். நானும் முடிவைச் சொல்லிவிடுகிறேன்.

ஞானஸ்நானம் வாங்கினால் இந்த வருடம் நான் ஊருக்கு வரமாட்டேன். அடுத்த வருடமும் எதிர்பார்க்காதே. ரஞ்சனி அண்ணன் வீட்டில் இருக்கட்டும். ஊரில் எல்லோர் முன்னாலும் அண்ணன் தலை குனிந்து நிற்பதை என்னால் பார்க்க முடியாது. உன்னை அடித்தேனா, குடித்தேனா? என்ன குறை வைத்தேன் என்று நீ வேறு இடம் தேடிப் போனாய்?

இனிமேல் கடிதம் வேண்டாம்.

வசந்த்


இலுப்பூர்
22.6.2025

அன்புள்ள மச்சானுக்கு,

கடிதம் வேண்டாம் என்று எழுதியிருந்தீர்கள். இந்த ஒன்றைப் படித்துவிடுங்கள்.

நீங்கள் எந்தக் குறையும் வைக்கவில்லை. நான் வேறு இடம் தேடியும் போகவில்லை. நான் இருந்த இடத்துக்கு ஒருவர் வந்தார், அவ்வளவுதான். இதை இதற்கு மேல் எழுத எனக்குத் தெரியவில்லை.

ஆகஸ்ட் பதினைந்து, மாதா திருநாள் அன்று என்று முடிவாகியிருக்கிறது. வேறு பெயர் வைக்கலாமா என்று கேட்டார்கள். வேண்டாம், என் அப்பா வைத்த பெயரைத்தான் அவரும் இவ்வளவு நாள் கூப்பிட்டிருக்கிறார், அதுவே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன்.

ரஞ்சனியிடம் உங்கள் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். மறைக்கவில்லை. "பெரியப்பா வீட்டுக்கு நான் போமாட்டேன். அப்பாட்ட நானே சொல்லிக்கிறேன்" என்று சொல்லிவிட்டு டியூஷனுக்குப் போய்விட்டாள்.

நான் இந்த வீட்டை விட்டு எங்கும் போகவில்லை. உங்கள் மனைவியாகத்தான் இருப்பேன். நீங்கள் வந்தாலும் வராவிட்டாலும் உங்கள் சட்டைகளை மாதம் ஒரு தடவை வெயிலில் போட்டு எடுப்பேன்.

பிள்ளையைப் பற்றி இனிமேல் உங்களிடம் கேட்க மாட்டேன். உங்களைக் கஷ்டப்படுத்தியிருக்கிறேன் என்று புரிகிறது. இடம் எனக்குத் தெரியாவிட்டாலும் தெரிந்தவர் ஒருவர் இருக்கிறார். அவரிடம் சொல்லிவிட்டேன். பகல் பன்னிரண்டு மணிக்குக் கோவில் மணி அடிக்கும்போது மம்பட்டியைக் கீழே வைத்துவிட்டு அவனுக்காக ஒரு செபம் சொல்கிறேன், மாடியில் நிற்கும் உங்களுக்காக ஒன்று. உங்கள் பெயர் சொல்லித்தான் சொல்கிறேன்.

உங்கள்,
பிரகதீஸ்வரி


மஸ்கட்
26.7.2025

அன்புள்ள பிரகதிக்கு,

விராலிமலைக்காரர் ஒருவர் லீவில் வருகிறார். தபாலில் போட்டால் தேதி தாண்டிவிடும் என்று அவர் கையில் கொடுத்தனுப்புகிறேன்.

இனிமேல் கேட்க மாட்டேன் என்று எழுதியிருந்தாயே, அதுதான் என்னைத் தூங்கவிடவில்லை. நீ கேட்டுக்கொண்டிருந்தவரை எனக்குக் கோபப்பட வசதியாக இருந்தது.

இடம் தெரியாது என்று நான் எழுதியது பொய். அன்றைக்கு அண்ணன் எனக்கு வீடியோ கால் போட்டார். நான் ஒரு கட்டிடத்தின் ஏழாவது மாடியில் இருந்தேன். "ஒரு தடவ பாத்துக்கடா, பெத்தவன் பாக்காமப் போகக் கூடாது" என்றார். துண்டை விலக்கிக் காட்டினார். அரை நிமிடம் இருக்கும். பிறகு குழியைக் காட்டினார். பெரிய குளத்துக் கரையில், நடு மடைக்கு மேற்கே, இரண்டு பனைமரங்களுக்கு நடுவில். "இந்த எடத்த பிரகதிகிட்டச் சொல்லாதண்ணே, போயி அங்கனயே கெடக்கும்" என்று சொன்னது நான்தான். அண்ணன் மேல் தப்பில்லை. அவர் நான்கு வருடமாக எனக்காக வாயை மூடிக்கொண்டிருக்கிறார். உன்னைப் பார்க்கும்போதெல்லாம் சத்தம் போடுவது அதனால்தான் என்று நினைக்கிறேன்.

நான் பார்த்தேன், நீ பார்க்கவில்லை. பத்து மாதம் சுமந்தவளுக்குக் கிடைக்காதது எனக்குக் கிடைத்தது. அதை உன்னிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமலேயே மறக்கச் சொல்லி உன்னை அதட்டிக்கொண்டிருந்தேன்.

நீ செய்யப் போவது சரி என்று எழுத எனக்கு இன்னும் வரவில்லை. ஊருக்கு வருவதைப் பற்றியும் இப்போது எழுத முடியவில்லை. ஆனால் ரஞ்சனியை அண்ணன் வீட்டில் விடச் சொன்னதை மறந்துவிடு. அது கோபத்தில் சொன்னது. அண்ணனிடம் பேசிவிட்டேன். அவர் உன்னைக் கரைக்குக் கூட்டிப்போவார்.

வசந்த்


இலுப்பூர்
17.8.2025

அன்புள்ள மச்சானுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்து மறுநாளே காலையில் உங்கள் அண்ணன் வாசலில் வந்து நின்றார். உள்ளே கூப்பிட்டேன், வரவில்லை. "கெளம்பும்மா" என்று மட்டும் சொன்னார். அவர் முன்னால் நடந்தார், நான் பின்னால் போனேன்.

போன வருடம் குளத்தைத் தூர்வாரி, கரையை மேலே உயர்த்தியிருக்கிறார்கள். பனைமரம் இரண்டும் இல்லை. மண் எல்லாம் புரண்டு கிடக்கிறது. அண்ணன் மடையிலிருந்து மேற்கே நடந்தார், திரும்ப வந்தார், மறுபடியும் நடந்தார். "இங்கிட்டா அங்கிட்டான்னு தெரியலையேம்மா" என்றார். பிறகு கரையிலேயே குந்தி, துண்டை முகத்தில் வைத்துக்கொண்டு அழுதார். அவர் அழுது நான் பார்த்ததில்லை. மாமா செத்தபோதுகூட அழவில்லை.

நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். எனக்கு அழுகை வரவில்லை மச்சான். நான்கு வருடம் அந்த இடத்தைத்தானே தேடினேன், அது இல்லை என்று தெரிந்ததும் உடைந்துபோவேன் என்று நினைத்தேன். ஆனால் எழுந்தேன். மடையிலிருந்து கரை திரும்பும் இடம் வரை மெதுவாக நடந்து, நடந்த தூரம் முழுவதும் செபம் சொன்னேன். அண்ணன் தடுக்கவில்லை. நான் முடிக்கும் வரை தள்ளி நின்றார். திரும்பும் வழியில், "ரஞ்சனி ஸ்கூலுக்கு நேரமாச்சு" என்று மட்டும் சொன்னார். அன்று சாயங்காலம் மதினி கையில் கீரை கொடுத்தனுப்பியிருந்தார்.

பதினைந்தாம் தேதி ஞானஸ்நானம் ஆனது. நாலு பேர் நின்றோம். அடைக்கலமேரி எனக்கு ஞானத்தாயாக நின்றாள். தலையில் தண்ணீர் ஊற்றும்போது குனிந்து நின்றதில் முதுகுவரை நனைந்துவிட்டது. ரஞ்சனி பள்ளியில் கொடியேற்றம் முடிந்து யூனிஃபார்மோடு வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாள். வெளியே வந்ததும், "ஒனக்குச் சளி புடிக்கும்மா" என்று தன் துப்பட்டாவால் என் தலையைத் துவட்டினாள். உங்கள் அண்ணன் வரவில்லை. வருவார் என்று நான் எதிர்பார்க்கவும் இல்லை.

நாளைக்குக் காலையில் வேலைக்குப் போகிறேன். நவம்பருக்குப் பூக்க இந்த வாரமே விதை போட வேண்டும்.

நீங்கள் எழுதியதில் பொய்யும் இருந்தது, அதற்குப் பின்னால் என்மேல் இருந்த பிரியமும் இருந்தது. பொய்யை நான் மனசில் வைத்துக்கொள்ளவில்லை. இதைப் பெரிய மனசு என்று நினைக்காதீர்கள். தினம் காலையில் மண்ணில் குனியும்போது கேட்டுக் கேட்டு வாங்கிக்கொள்கிறேன்.

வருவீர்களா என்று நான் கேட்கவில்லை. ஆனால் என்னிடம் இல்லாத ஒன்று உங்களிடம் இருக்கிறது. அரை நிமிடம் என்றாலும் நீங்கள் அவன் முகத்தைப் பார்த்திருக்கிறீர்கள். அவன் யார் ஜாடை?

கடிதத்தில் எழுத வேண்டாம். போனிலும் வேண்டாம். நேரில் வந்து என் எதிரில் உட்கார்ந்து சொல்லுங்கள்.

உங்கள்,
பிரகதீஸ்வரி